கலன் என்று வரும் எல்லாம்

பயணநாள் 131 — காலை 6:10

வல்லம் கப்பல். காவலில் இருப்பவள் பெர்னதெத் மச்சாது, மென்பொருள் பொறியாளர், தூத்துக்குடி. துயிலில் ஒன்பது பேர், அவரவர் பெட்டிக்குள், மருந்தின் பிடியில். விழித்திருப்பவள் நான் ஒருத்தி. செவ்வாய்க்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

காற்று சரி. தண்ணீர் சரி. கீரைத்தட்டில் தண்டுக்கீரை மறுபடியும் தலைசாய்த்துவிட்டது.

நேற்றிலிருந்து வளிக்கலன்களின் எச்சரிக்கை மணி காரணமில்லாமல் அடிக்கிறது. தரைக்கட்டுப்பாட்டுக்குச் சொன்னேன். பேச்சு போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். பதில் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் குரலில் வந்தது. இந்தப் பயணம் முழுக்க எங்களைக் கீழிருந்து பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"எம்மா பெர்னா, கலன்ல ஒரு கோளாறும் இல்ல. மணி அடிக்கிற அளவைக் கூட்டி வச்சித் தொலைச்சிருக்கானுவ. பன்னெண்டு கலன்லயும் அழுத்தத்த இருநூத்தி நாப்பதுன்னு மாத்திரு. கையால ஒண்ணொண்ணா திருத்தாத, கேட்டியா, எங்கயாவது தப்பு வந்துரும்."

சரி என்றேன்.

பயணநாள் 131 — காலை 7:45

முடிந்தது. எப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கிறேன். படிப்பவர் நிரல் எழுதாதவராக இருக்கலாம்.

ஒவ்வொரு கலனுக்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் "அழுத்தம் = 280" என்பது போல ஒரு வரி இருக்கும். பல கோப்புகளில் ஒரே நேரத்தில் தேடித் திருத்த ரெஜெக்ஸ் என்ற வழி இருக்கிறது. தேட வேண்டியதை அப்படியே எழுதாமல் அதன் சாயலை எழுதுவோம். "அழுத்தம் என்ற சொல், பிறகு சமக்குறி, பிறகு ஏதோ ஓர் எண்" என்று சொன்னால் போதும். அந்தச் சாயலில் எது வந்தாலும் பிடித்து, நாம் சொல்வதை அங்கே வைத்துவிடும்.

கோப்புகளின் பெயர் ஒரு சீராக இல்லை. மூன்று பட்டறைகளில் கட்டிய கலன்கள். ஒருவர் வளிக்கலன் என்று வைத்திருக்கிறார், ஒருவர் காற்றுக்கலன், இன்னொருவர் வளி_கலன். எல்லாவற்றுக்கும் பொதுவாக `*கலன்*` என்று கொடுத்தேன். முன்னே என்ன வந்தாலும் பின்னே என்ன வந்தாலும் சரி, நடுவில் கலன் இருந்தால் எடுத்துக்கொள் என்று பொருள்.

முதல் தடவை சில வரிகள் சிக்கவில்லை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாமல் எழுதியிருந்தார்கள். சாயலைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டாம் தடவை ஓட்டினேன். எல்லாம் மாறிவிட்டன. மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 240. மணி நின்றது.

காப்பி போட்டுக் குடித்தேன்.

பயணநாள் 132 — காலை 5:50

சுற்றிவரப் போனேன். இருளப்பன் அண்ணனின் பெட்டிக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு சிவப்புப் பொட்டு. முதலில் விளக்கின் நிழல் என்று நினைத்தேன். மூக்கிலிருந்து ரத்தம்.

அவருடைய இரத்த அழுத்தம் 131. இருக்க வேண்டியது 60. துயிலில் இருப்பவருக்கு உடம்பே பாதி அணைந்த அடுப்பு மாதிரி. அந்த உடம்பில் 131.

பெட்டியின் கோப்பைத் திறந்தேன்.

"இரத்த அழுத்தம் = 240".

அதற்குக் கீழே, "உச்ச அழுத்தம் = 240". இதற்கு மேல் போனால் மருந்தை நிறுத்து, ஆளைக் கூப்பிடு என்று பெட்டிக்குச் சொல்லும் வரி அது. அதனால்தான் எந்த மணியும் அடிக்கவில்லை. பெட்டி சொன்னபடி கேட்டிருக்கிறது. மெல்ல மெல்ல, யாருக்கும் அதிர்ச்சி தராமல், ஒன்பது பேரையும் 240-க்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். கட்டியவர்கள் கோப்புக்கு வைத்த பெயர் துயில்கலன்.

பயணநாள் 132 — காலை 6:40

ஒன்பது பெட்டிகளின் சிவப்புக் கைப்பிடியையும் இழுத்து மருந்தை நிறுத்தினேன். அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அப்படியே விட முடியாது. மருந்து இல்லாமல் முக்கால் மணி நேரம் போனால் அடியோடு விழுந்துவிடும்.

பழைய எண்கள் வேண்டும். திருத்துவதற்கு முன் கருவி ஒரு நகல் எடுத்துவைக்கும். ஓடிப்போய் நகலைத் திறந்தேன். நகலிலும் 240. நான் இரண்டு தடவை ஓட்டினேன். இரண்டாம் ஓட்டத்தில், முதல் ஓட்டம் கெடுத்ததை நல்ல பிரதி என்று நினைத்துப் பழையதன் மேலேயே எழுதிவிட்டது.

திரையில் நேற்று வந்த செய்தி இன்னும் இருக்கிறது. "மாறிய கோப்புகள்: 21." பன்னிரண்டு கலன். நான் 12 என்று படித்திருக்கிறேன். எண்ணைத் திருப்பிப் படித்துவிட்டுக் காப்பி போடப் போயிருக்கிறேன்.

எல்லோருக்கும் தற்காலிகமாக 58 என்று வைத்துக் கைப்பிடிகளை விட்டேன். இருளப்பன் அண்ணனுக்கு மட்டும் 60. எனக்கு முந்தைய காவல் அவருடையது. அவரைப் படுக்கவைத்துப் பெட்டியை மூடியது நான், அதனால் அவர் எண் எனக்குத் தெரியும்.

குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்தது என்றும் சொன்னேன்.

பயணநாள் 132 — காலை 8:05

பதில்.

"பெர்னா, கேட்டேன். எம்மா, அழாத. அழுதா கை ஓடாது. மொதல்ல காரியத்தப் பாரு. இங்க இருக்கிற எண்ணெல்லாம் கெளம்பும்போது எடுத்தது. டாக்டரம்மா போற வழில ஒவ்வொருத்தருக்கும் மாத்திட்டாவ, அது இங்க வரல. இங்க உள்ள டாக்டர்மார் சொல்றாவ, அம்பத்தெட்டு ஒரு நாள் தாங்கும். அதுக்கு மேல ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அது கூட, சிலருக்கு அது கம்மி. பழைய எண் எங்கயாவது எழுதி இருக்கான்னு தேடு. இருளப்பன் எப்டி இருக்கான்? அவன் நம்ம ஆளுல்லா."

அவர் இதைச் சொல்லி முடித்து அது என்னிடம் வந்து சேர்வதற்குள் இருளப்பன் அண்ணன் போய்விட்டார். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. 60 சரியான எண்தான். ஏழு மணிக்கு மேல் அந்த எண்ணுக்கு வேலை இல்லை.

போர்வையால் கண்ணாடியை மூடினேன். ராமநாதபுரத்தில் அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

பயணநாள் 132 — பிற்பகல் 1:30

அறிக்கைகளில் தேடுகிறேன். காவலில் இருப்பவர் தினமும் ஒரு கோப்பு எழுத வேண்டும். என் ஓட்டம் அவற்றைத் தொடவில்லை. அவற்றின் பெயரில் கலன் இல்லை.

முதல் காவல் மருத்துவர் ருமைசாவுடையது. காயல்பட்டினம். அவர் ஊர் வழக்கப்படி, அக்கா என்பதற்கு லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் கப்பலில் மருத்துவம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இப்போது பெட்டியில் இருக்கிறார். ஆள்ஆளுக்கு எண்ணை மாற்றிய அன்றெல்லாம் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இ.அ. 61 ஆக்கியாச்சு, அல்ஹம்துலில்லாஹ்." ஒரு நாள் "இரத்த அழுத்தம்" என்று முழுசாக, ஒரு நாள் "ரத்த அழுத்தம்", ஒரு நாள் வெறும் "அழுத்தம்". நான்கையும் பிடிக்கிற மாதிரி சாயல் எழுதினேன். பின்னால் `[0-9]+`, அதாவது ஏதோ ஓர் எண்.

ஆறு பேருக்குக் கிடைத்தது. நேற்று ஒன்பது பேர் கழுத்தைப் பிடித்த அதே வழிதான் இன்று ஆறு பேரைத் திருப்பித் தந்தது. கோப்புகளில் அந்த எண்களை ரெஜெக்ஸால் எழுதவில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, எழுத்து எழுத்தாக, கையால் எழுதினேன். எழுதியதை வாய்விட்டுப் படித்தேன்.

இரண்டு பேருக்கு இல்லை. நாச்சம்மை. ருமைசா லாத்தா.

பயணநாள் 132 — மாலை 4:20

லாத்தா படுத்தபிறகு அவர் எண்ணை மாற்றியிருக்கக்கூடியவர் இருளப்பன் அண்ணன். அவர் காவல் காலத்து அறிக்கைகள் முழுவதிலும் என் தேடலுக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஒரு எண்கூட இல்லை. அப்படி இருக்க முடியாது. இரண்டு மணி நேரம் சாயலை மாற்றி மாற்றி எழுதினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

கடைசியில் தேடுவதை விட்டுவிட்டு ஓர் அறிக்கையைத் திறந்து கண்ணால் படித்தேன்.

"ருமைசா அவர்களுக்கு இரத்த அழுத்தம் ௫௬."

எல்லா எண்ணையும் தமிழ் எண்களில் எழுதியிருக்கிறார். பயிற்சிக் காலத்திலேயே இதற்காகச் சண்டை போட்டவர். விசைப்பலகையில் இருக்கிறது, நான் அடிக்கிறேன், உனக்கென்ன என்பார். நான் 0 முதல் 9 வரை என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது கண்ணெதிரே இருந்தும் என் தேடலுக்கு அது எண்ணே இல்லை.

ருமைசா: 56. கையால் இட்டேன்.

போர்வை போட்ட கண்ணாடியின் மேல் கொஞ்ச நேரம் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

பயணநாள் 132 — இரவு 7:00

நாச்சம்மை. காரைக்குடி. தண்ணீர்ப் பொறியாளர். எங்களில் இளையவள். பெட்டி மூடியைக் கண்டால் பயம் அவளுக்கு, மூடும்வரை கையை விடமாட்டாள்.

அவளைப் பற்றி லாத்தா எழுதிய வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். "நாச்சம்மைக்கு இப்பதான் சரியா வந்திருக்கு. இதே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க."

எண் இல்லை. எழுதாத எண்ணை எந்தச் சாயல் போட்டுத் தேடுவது?

58 அவளுக்கு ஒத்துவரவில்லை. இதயத் துடிப்பு ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. சிறுநீர் நின்றுவிட்டது. ஏற்ற வேண்டுமா, இறக்க வேண்டுமா என்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர். அவரை எழுப்ப வேண்டும்.

பயணநாள் 132 — இரவு 8:15

அண்ணாச்சியின் பதில், இரைச்சலோடு.

"எழுப்பு. டாக்டர்மாரும் அதான் சொல்றாவ. ஆறு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்திராத. அவிய ரத்த அழுத்தமும் நேத்து ஏறித்தான இருந்திருக்கு, எந்திரிச்சதும் மொகத்தப் பாரு, கையத் தூக்கச் சொல்லு, பேசச் சொல்லு... பெர்னா, சூரியன் நமக்கு நடுவுல வந்துட்டு. இனிமே ஒரு வாரத்துக்கு... கேக்காது. நான் இங்கனயேதான் இருப்பேன். கேட்டாலும் கேக்காட்டாலும் நீ சொல்லிக்கிட்டே... இருளப்பன் வீட்ல நானே போயி..."

அதற்குமேல் இரைச்சல் மட்டும். இருளப்பன் அண்ணன் போனதைச் சாயங்காலம்தான் சொல்லியிருந்தேன்.

பயணநாள் 133 — அதிகாலை 3:05

லாத்தா கண் திறந்துவிட்டார்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சிரித்தார். வாயின் வலப்பக்கம் சிரிப்போடு வரவில்லை. வலது கை தூக்க முடியவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

"லாத்தா, நாச்சம்மைக்கு எவ்வளவு வச்சீங்க? ரத்த அழுத்தம். எண்ணு மட்டும் சொல்லுங்க."

உதடு ரொம்ப நேரம் துடித்தது. பிறகு தெளிவாகச் சொன்னார்.

"அம்பத்திரண்டு."

தெய்வமே. ஓடினேன். 52 என்று இட்டேன். வாய்விட்டுப் படித்தேன். சரி.

பயணநாள் 133 — அதிகாலை 3:30

திரும்பி வந்து லாத்தாவைப் போர்வையில் சுற்றி உட்காரவைத்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"அம்பத்திரண்டு."

புரியாமல் சிரித்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அம்பத்திரண்டு."

"லாத்தா, உங்க பேரு என்ன?"

அவர் கண் நிறைந்துவிட்டது. தனக்கு என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. மருத்துவர் அல்லவா. எல்லாம் புரிகிறது, எல்லாம் உள்ளே இருக்கிறது. வெளியே வருவதற்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது.

"அம்பத்திரண்டு," என்றார்.

கேட்டது ஓர் எண், வந்தது ஓர் எண். பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு நாளில் இரண்டாம் முறை.

பயணநாள் 133 — அதிகாலை 4:10

நாச்சம்மையின் அழுத்தம் 41. 52-க்குக் கீழே போகாமல் பெட்டி பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மருந்து இறைக்கும் பம்ப் தீய்ந்துபோயிருக்கிறது. முந்தாநாள் முழுக்க 240-ஐ நோக்கி இடைவிடாமல் ஓடியதில்.

வேறு பெட்டியின் பம்பைக் கழற்றினால் அந்தப் பெட்டியில் இருப்பவர் போய்விடுவார். இருளப்பன் அண்ணன் பெட்டியின் பம்பும், லாத்தா எழுந்துவந்த பெட்டியின் பம்பும் பார்த்தேன். அவையும் தீய்ந்துவிட்டன. மற்றவை தப்பியது அதிர்ஷ்டம்.

ஒரே வழி, பெட்டியின் பின்பக்கம் மருந்துக் குழாயில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கையால் திருப்பி மருந்தை விட வேண்டும். கூடினால் ஆபத்து, குறைந்தால் ஆபத்து. அழுத்தம் காட்டும் திரை முன்பக்கம். நடுவில் பெட்டி. திருகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்க முடியாது. இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கப்பலில் விழித்திருக்கும் இன்னொருவர் ஒருவர்தான்.

பயணநாள் 133 — காலை 5:00 — குரல் பதிவு

கை திருகில் இருக்கிறது. இனித் தட்டச்சு செய்ய முடியாது, பேசுவதைக் கப்பல் எழுதிக்கொள்ளும்.

லாத்தாவைத் தூக்கிவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். ஐம்பத்தெட்டில் துடிப்பு தடுமாறியது, ஐம்பத்திரண்டு வெறும் சொல். இடது கையால் எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், கிறுக்கல்தான் வந்தது. எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"லாத்தா, சரியான எடம் உங்களுக்குத்தான் தெரியும். திரையைப் பாத்துச் சொல்லுங்க. கூட்டணுமா?"

"அம்பத்திரண்டு."

"கொறைக்கணுமா?"

"அம்பத்திரண்டு."

திருகைக் கொஞ்சம் திறந்தேன்.

"அம்பத்திரண்டு, அம்பத்திரண்டு!"

குரல் மாறியது. தெருவில் ஓடும் பிள்ளையைக் கூப்பிடுகிற குரல். பயந்துபோய் மூடினேன். உடனே இன்னும் கூர்மையாக, கெஞ்சலாக, அதே சொல். திரும்பவும் திறந்தேன். மெல்ல, மெல்ல. சொல் இறங்கி வந்தது. கடைசி எழுத்தை ஆற்றி இழுத்தார்.

அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் குரலைக் கேட்கிறேன்.

பயணநாள் 133 — குரல் பதிவு

விடிந்து எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இங்கே விடிவது எது.

கூர்மையாக வந்தால் விழுகிறது, திற. இழுத்து வந்தால் போதும், நிறுத்து. இரண்டு தடவை வேகமாக வந்தால் கூடிவிட்டது, மூடு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாங்களே கற்றுக்கொண்டோம். இந்தப் பதிவில் பார்த்தால் ஒரே சொல்லைத்தான் கப்பல் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். படிப்பவருக்குச் சொல்கிறேன், அது ஒரே சொல் அல்ல.

நடுவில் ஒரு முறை லாத்தா சிரித்தார். அந்தச் சொல்லில் சிரிப்பு இருந்தது. சிறுநீர்ப் பை நிறைகிறது போல. எட்டிப் பார்த்தேன், ஆமாம். நானும் சிரித்தேன். அண்ணாச்சிக்குச் சொன்னேன். கேட்காது என்று தெரிந்தும் சொன்னேன். "அண்ணாச்சி, பிள்ள தேறிட்டா."

குரல் பதிவு

விரல் மரத்துவிட்டது. இடது கைக்கு மாற்றினேன். மாற்றும்போது கொஞ்சம் நழுவியது.

கூர்மையான குரல். திறந்தேன். கூர்மையான குரல். முழுசும் திறந்தேன்.

"லாத்தா, வருதா? ஏறுதா?"

"அம்பத்திரண்டு. அம்பத்திரண்டு. அம்பத்திரண்டு."

குழாயில் மருந்து ஓடும் சத்தம் இல்லை. குடுவை காலி. மேலே வேறு குடுவை இருக்கிறது, எடுக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும். விட்டேன். ஓடினேன். மாட்டினேன். திறந்தேன். ஓடுகிறது, இப்போது ஓடுகிறது, சத்தம் கேட்கிறது.

"லாத்தா? மாட்டிட்டேன். பாருங்க. சொல்லுங்க. ஏறுதா?"

பெட்டியைத் தட்டினேன்.

"லாத்தா."

குரல் பதிவு

பிறகு சொன்னார்.

கூப்பாடு இல்லை. இழுப்பு இல்லை. இதுவரை நான் கேட்காத குரல். தூங்கிய பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டு சொல்வது போல, ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு தடவை.

"அம்பத்திரண்டு."

அது எனக்குச் சொன்னதல்ல. கண்ணாடிக்குள் இருப்பவளிடம் சொன்னது.

நான் முன்பக்கம் போய்த் திரையைப் பார்க்கவில்லை. திருகை மூடினேன். இன்னொரு போர்வை எடுக்கப் போனேன்.